வலப்பக்கம் திருகவும்

ஒரு பெயர் பதினெட்டு பவுண்டு.
பெயரென்றால் முழுப்பெயர்கூட இல்லை:
ஆர்ப்ரோத், சமையலறை, ஒழுகல், அவசரம்.
கீழே ஒரு தொலைபேசி எண்.

அதே எண்ணை
டண்டீயில் மூன்று பேருக்கும்
மாண்ட்ரோஸில் ஒருவனுக்கும்
விற்றிருக்கிறார்கள் என்று புரிய
எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.
வேனை ஓரங்கட்டி நான் அழைப்பதற்குள்
எவனோ அங்கே கருவிப்பெட்டியைத் திறந்திருப்பான்.
இல்லையென்றால் அந்தப்பக்கக் குரல் சொல்லும்:
"சும்மா விலைதான் கேட்டேன்."

பிப்ரவரி இரவில் ரசீதுகளைப் பரப்பினேன்.
வாங்கிய பெயர் முப்பத்தொன்று.
வந்த வேலை நான்கு.
அதிலொன்று, கழிப்பறைக் குழாயில் சிக்கிய
ரப்பர் முதலை.
ஐந்நூற்று ஐம்பத்தெட்டு பவுண்டு.
"இதற்கு இந்தத் தெரு முழுக்க
தேநீர் வாங்கித் தந்திருக்கலாம்" என்றாள் ரோனா.
அவள் கிண்டல் செய்யவில்லை.
அதுதான் வலித்தது.

நிறுத்தினேன்.
மார்ச் முழுக்கத் தொலைபேசி
புகையிட்ட மீன்போல
மேசையில் கிடந்தது.

எஃபி கார்கில் அம்மாள் வீட்டில்
மாடி அறை மட்டும் சூடாகவில்லை.
ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன்.
புஸ்ஸென்று காற்று போனது, வெந்நீர் ஏறியது.
"எவ்வளவு?"
"ஒன்றுமில்லை. அடுத்தமுறை நீங்களே செய்யலாம்."
"அருமையான வியாபாரம்" என்றாள் ரோனா.

அந்த அம்மாள் பந்துருட்டும் சங்கத்தில் போய்ச் சொன்னாள்:
நல்ல பையன். சொன்ன நேரத்துக்கு வரமாட்டான்.
இரண்டும் பரவின.
இரண்டும் உண்மை.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
மூடியா கேட்டேன் நான்?
அது திறக்கட்டும் என்றல்லவா காத்திருந்தேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி:
தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே?
யாருக்கும் தெரியாது.
தொட்டிக்கடியில், வாளிக்குப் பின்னால்,
கிறிஸ்துமஸ் மரத்தின் பெட்டிக்குப் பின்னால்,
ஒரு வீட்டில் சுவருக்கு உள்ளேயே.

ஃபோர்ஃபாரில் பண்ணைக்கடை ஒன்று உண்டு.
மாட்டுக்காதில் மாட்டும் மஞ்சள் வில்லைகள்,
நூறு வாங்கினேன், இரண்டு பெயரின் விலைக்கும் குறைவு.
அழியாத மையில் எழுதினேன்:
வலப்பக்கம் திருகவும்.
பிறகு மூச்சு விடவும்.
பிறகு ஸ்ட்ரூவன் பீட்டி.
எண்.

வேலை முடிந்ததும் வால்வில் கட்டிவிட்டு வருவேன்.
காசு கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.
கோடை முழுக்க அப்படியே போயிற்று.
வில்லையைப் பார்த்து ஒருவரும் அழைக்கவில்லை.
எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

நவம்பர். இரவு இரண்டேகால்.
"உங்களை எனக்குத் தெரியாது.
மாட்டுக் கம்மல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்."
டோவிலே. மீன் ஆலையில் வேலை,
ஊருக்கு வந்து மூன்று வாரம்.
முன்பு குடியிருந்தவன் அபர்டீன் போய்விட்டான்,
வில்லை போகவில்லை.
"வலப்பக்கம் திருகிவிட்டேன்.
மூச்சும் விட்டுவிட்டேன்.
காலையில் வந்தால் போதும்."

காலை என்றால் எனக்குப் பதினொன்று.
கல்படிகளில் ஏறும்போதே கதவுகள் திறந்தன.
கீழ்வீட்டுக் கூரை நனையாத சேதி
எனக்கு முன்பே படியேறியிருந்தது.
இரவு உடுப்பில் ஒருவர், ரொட்டி மென்றபடி ஒருவர்,
எட்டு வீட்டுக்காரர்களும் நின்றார்கள்.
"அந்த மஞ்சள் சமாச்சாரம் எங்களுக்கும் ஒன்று."

அப்போது பார்த்து
பெயர் விற்பவனின் அழைப்பு:
உங்கள் பகுதியில் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள்.
"அவர்கள் வால்வு எங்கே என்று
அவர்களுக்குத் தெரியுமா?" என்றேன்.
அவனிடம் அந்தக் கட்டம் இல்லை.

பையில் ஐந்து வில்லைதான் இருந்தது.
கிடைக்காத மூன்று பேர்
இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள்.
ரொட்டிக்கடையில், பேருந்து நிறுத்தத்தில்,
பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார்கள்,
பெயரோடு, எண்ணோடு.