ஐந்து காசு அளவு

பாசிர் பாஞ்சாங் பாரந்தூக்கியில்
ஒரு போல்ட் துருப்பிடித்தாலும்
அன்றைக்கே எழுதிக் கொடுப்பேன்.

இது மட்டும்
பதினோரு மாதம்
தேக்காவில் வாங்கிய களிம்புக்கு அடியில்.
குறியின் நுனியில், ஐந்து காசு அளவு,
வெல்வெட் சிவப்பு. வலியில்லை.
விளக்கணைந்த பிறகே
பரமேஸின் பக்கம் திரும்புவேன்.
"வேற யாராச்சுமா?" என்றாள் ஒருநாள்.
அந்தக் கேள்விதான் தள்ளியது
புக்கிட் மேரா பலதுறை மருந்தகத்துக்கு.

டாக்டர் பெண்.
திரையை இழுத்து, கையுறை மாட்டி,
முழங்கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.
கிள்ளிச் சோதிக்கச் சொல்லி
அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்.

புற்றுதான். அபூர்வமாம்.
மேல்தோலோடு நிற்கிறது,
இன்னும் இறங்கவில்லை என்றார்கள்.

தையலோடு வீடு வந்தேன்.
பரமேஸ் விளக்கைப் போட்டாள்.
"காட்டுங்க."