செய்முறைப் பிழை: ஒன்று

ஔலு நகரத்து ஜனவரி.
பத்து மணிக்கு விடிந்து மூன்றுக்குள் இருட்டிவிடும்.
ஆய்வக வாசலில் பனிக்காலணிகள்
தரையை நனைத்துக்கொண்டு நிற்கும்.
உள்ளே எல்லோரும் வெறும் காலுறையோடுதான்,
பேராசிரியர் உட்பட.

என் வேலை, கை.
கருப்புத் திரைக்குப் பின்னால் குந்தி
கருப்புக் கையுறை மாட்டிக்கொண்டு
ஒரு மஞ்சள் பந்தை
அது தானே போவதுபோல் போகவைக்க வேண்டும்.
மூன்று நொடி ஓட்டம். நிறுத்தம். மறுபடி.
கட்டுரையில் இது
'பொருள் நகர்ந்தது' என்று வரும்.

கேள்வி இவ்வளவுதான்:
தானாக நகரும் ஒன்றைக் கண்டால்
எட்டு மாதக் குழந்தை
பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று நினைக்குமா?
இதைக் கேட்க ஹெல்லெவிக்கு
நான்கு ஆண்டு நிதி கிடைத்திருந்தது.

அன்று பதினேழாம் எண்.
வியெனோ என்று அம்மா சொன்னார்.
பெயரை எழுதிவைக்கக் கூடாது, எழுதவில்லை,
மறக்கவும் இல்லை.
உப்புநீரும் குழந்தை ஷாம்பூவும் கலந்து ஊறவைத்த வலைத்தொப்பி
நூற்றிருபத்தெட்டுப் பஞ்சுப் பொட்டுகளோடு தலையில் இறங்கியது.
அழவில்லை.
மூக்கில் வழிந்த சொட்டை
நாக்கை நீட்டிச் சோதித்துப் பார்த்தாள்.
அம்மாவுக்குக் கருப்புக் கண்ணாடி,
மகள் பார்ப்பதைத் தானும் பார்த்துவிடாதபடி.

நான்காவது ஓட்டம்.
பந்தை அவள் பார்க்கவில்லை.
திரையின் வலது ஓரம், நாங்கள் கேமராவைக் குறிவைத்திருந்த இடம்,
அதையும் பார்க்கவில்லை.
மடியில் ஒருபக்கமாய்ச் சரிந்து தலையைத் தொங்கப்போட்டாள்.
திரை முடிந்து தரை தொடங்குவதற்குள்
நான்கு விரல் இடைவெளி.
அங்கே என் இடது காலுறை,
அதில் ஓட்டை,
ஓட்டையில் கட்டைவிரல்.

பந்து நின்றுவிட்டது.
விரலை மடக்கினேன்.
மடக்கியதும் சிரித்தாள்.
மூச்சை அடக்கிச் சும்மா இருந்தேன்.
அவளும் இருந்தாள்,
கண் கொட்டாமல்,
என்னைவிடப் பொறுமையாக.
பிறகு
(எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை)
ஒருமுறை ஆட்டிக் காட்டினேன்.

நாற்பத்தொரு நொடி.
பக்கத்து அறைக் கணினியில்
எல்லாக் கோடுகளும் ஒன்றாய்த் துள்ளினவாம்.
சிரித்தால் முகத்தசை இழுக்கும்,
மூளையின் அலை அதில் முங்கிப்போகும்.
இரைச்சல் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஆய்விதழிலிருந்து ஆறு மாதம் கழித்துப் பதில்.
இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்:
விலக்கிய குழந்தைகளை ஏன் விலக்கினீர்கள்?
எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தோம்.
அழுகை, ஆறு. தூக்கம், மூன்று.
தொப்பியைப் பிடுங்கியது, இரண்டு.
செய்முறைப் பிழை, ஒன்று.

முடிவுரையில்:
மறைந்திருக்கும் ஒருவரைக் குழந்தைகள் தேடுவதாகச் சொல்லப்
போதிய சான்று இல்லை.
மயிரிழையில் தவறிய எண் அது.
ஹெல்லெவி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
நன்றியுரையில் என் பெயர் உண்டு,
எ. கல்லுங்கி, ஒரு எழுத்து விட்டுப்போய்.

திரைக்கு இப்போது
ஒரு சாண் துணி கூடுதலாக ஒட்டுப்போட்டிருக்கிறது.
இனி எவர் காலும் தெரியாது.
காலுறையைத்தான் நான் தைக்கவில்லை.
நேரமில்லை என்று சொல்லிவருகிறேன்.