ஏழரை

பெண்டில் ஹில்லில் கவுன்சில் குப்பை அள்ளும் வாரம்.
புல்வரம்பில் கிழிந்த மெத்தை, கால் ஒடிந்த தொட்டில்,
இரண்டுக்கும் நடுவே ஓர் அம்ப்ளிஃபயர்
வெள்ளி முகமெல்லாம் பனித்துளி,
வரச் சொன்னவருக்காகக் காத்திருப்பதுபோல்.

ரொட்டி ஆலையில் இரவு வேலை முடித்து வந்தவள்
தூக்கிப் பார்த்தேன்.
மா மூட்டையை விடக் கனமில்லை.

குகபாலன் வாசலிலேயே மறித்தார்.
“ஏழரையைத் தூக்கிக்கொண்டு வாறீர்.
உள்ளுக்குள்ள கரப்பான் இருக்கும்.
சோபாவுக்கும் உதுக்கும் பொருந்துமே?”

பொருந்தாதுதான்.
வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கர்
சாம்பல் துணி போர்த்தியது, சுவரோடு சுவர்.
பொத்தான் இல்லை, முகம் இல்லை,
எது முன், எது பின் என்று
இரண்டு வருடமாகியும் எனக்குத் தெரியாது.
வருகிறவர்கள் எல்லாம் வடிவாய் இருக்கிறது என்பார்கள்.
பிறகு, இது என்ன என்பார்கள்.

அதற்கு வாயால் சொல்ல வேண்டும்.
விடிகாலை ஐந்து மணி.
காய்ச்சல் விட்டு இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள் ஆரபி.
சத்தத்தைக் குறை என்று
நான் சத்தம் போட வேண்டும்.
குசுகுசுத்தால் அதற்குக் கேட்காது,
கேட்டாலும் என் நாக்கு அதற்குப் பிடிபடாது.
ஒருநாள் அதன் பாஷையிலேயே எட்டு என்றேன்,
எண்பது வைத்தது.
பக்கத்து வீட்டு நாயும் எழும்பிவிட்டது.

கைப்பேசியில் செய்யலாமே என்பார் அவர்.
செய்யலாம்.
கடவுச்சொல் கேட்கும். புதுப்பிக்கவா என்று கேட்கும்.
நான் சம்மதிக்க, ஒரு வட்டம் சுற்றத் தொடங்கும்.
அது நிற்பதற்குள்
கேட்க நினைத்த பாட்டு மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை துடைத்தேன்.
பழைய பல் தூரிகை, கொஞ்சம் ஸ்பிரிட்.
கரப்பான் இல்லை. ஒரு கொண்டை ஊசி, ஓர் ஐந்து சதக் காசு.
கராஜில் கிடந்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களை இழுத்து வந்து
செம்புக் கம்பியை முறுக்கிச் செருகினேன்.

சுவிட்ச் ‘டொக்’ என்றது.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
உள்ளே இன்னொரு ‘டொக்’.
இரண்டு சிறு சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம்,
ஊசிகள் ஒருமுறை துள்ளி அடங்கின.

நடுவில் பெரிய குமிழ்.
எலுமிச்சம்பழத்தளவு, விளிம்பெங்கும் வரி.
விரல் நுனி போதும், ஆனால்
உள்ளங்கை விடமாட்டேன் என்கிறது.
கனமாய்த் திரும்பி
விட்ட இடத்தில் நிற்கிறது.

அதன் அருகில்தான் கண்டேன்,
சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி.
குமிழைக் கடிகாரமென்று வைத்தால்
ஏழரை மணி.
எண்கள் அச்சிட்டிருக்கின்றன, அதைப் பார்க்க
விளக்கு வேண்டும்.
புள்ளிக்கு வேண்டாம்,
வியர்க்குரு மாதிரி விரலில் தட்டுப்படும்.

யார் வைத்தது?
இதே தெருவில் ஒரு வீட்டில்
இந்தப் புள்ளியைத் தாண்டினால்
யாரோ விழித்துக்கொள்வார்கள்.
கால் ஒடிந்த அந்தத் தொட்டிலை நினைத்தேன்.
பிறகு நினைக்கவில்லை,
தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த விடியலில் இருட்டுக்குள்
குமிழின் பள்ளத்தைப் புள்ளிக்கு நேரே கொண்டுவந்தேன்.
வயலின் சமையலறை வரை வந்தது,
அதற்கும் அப்பால் போனது,
ஆரபி புரண்டு படுத்தாள்.
அவர்கள் சுவர் செங்கல்லாய் இருந்திருக்கும்.
எங்களுடையது ஜிப்ராக் அட்டை.

ஆரபியின் நீல நகப்பூச்சைத் தேடி எடுத்து
சிவப்புக்குக் கீழே, ஒரு நூல் இடைவெளியில்,
நானும் ஒன்று வைத்தேன்.
கை நடுங்கியதில் கொஞ்சம் வழிந்துவிட்டது.

ஜூலைக் குளிர் எலும்புக்குள் இறங்கிய வெள்ளிக்கிழமை
வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன்.
விளக்குப் போடாமல்
அதன் முன் நிற்கிறார் குகபாலன்.
ஊசிகள் ஆடுகின்றன, மிக மெல்ல.

“மேல்பக்கம் சுடுகுது,” என்றார்,
புகார் சொல்கிற குரலில்.
இரண்டு கையையும் அதன்மேலேயே வைத்திருந்தார்.