சுற்றறிக்கையின் மூன்றாம் பந்தி

என் மருந்து மாறப்போகும் செய்தியை
வைத்தியர் சொல்லவில்லை.
அது என் மேசைக்கு வந்தது,
சிங்களத்தில், ஐந்து பக்கமாய்,
வியாழனுக்குள் தமிழில் தேவை என்ற துண்டுக் குறிப்போடு.

மூன்றாம் பந்தியில் நான் இருந்தேன்:
'குடல் அழற்சி நோயாளர்கள்',
பன்மையில்.

திணைக்களத்தில் ஒருவருக்கும் தெரியாது.
கொட்டாஞ்சேனையில் ஏறி இராஜகிரியவில் இறங்கும்வரை
176 போகும் வழியில்
எந்தக் கடைக்காரர் கேள்வி கேட்காமல் திறப்பு நீட்டுவார்,
எந்த பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கினால்
பின்கதவு திறக்கும்,
பொரளைச் சந்தையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும்.
கொழும்பை நான் அப்படித்தான் படித்தேன்.

பிறகு அந்த மருந்து வந்தது.
எட்டு வாரத்துக்கொருமுறை இரண்டு மணித்தியாலம்,
முழங்கை மடிப்பில், சொட்டுச் சொட்டாக.
ஆறு வருடத்தில் வரைபடம் மங்கியது.
கட்டைச்சம்பல் தொட்டேன்.
ஒரு கல்யாணத்தில் நடுவரிசையில் உட்கார்ந்தேன்,
ஓரக்கதிரை தேடாமல்.

இப்போது அதற்கு ஒத்ததாம் இன்னொன்று.
சிங்களத்தில் 'சமான' என்று சுலபமாய் முடித்திருந்தார்கள்.
நான் 'அதே' என்றால் பொய்.
'மாற்று' என்றால் எனக்கே வயிற்றைப் பிசைகிறது.
'நிகர்' தராசுக்காரரின் சொல்.
பள்ளியில் படித்த போலி நினைவுக்கு வந்தது:
எழுத்து மாறியும் பொருள் மாறாதிருப்பது.
பந்தல், பந்தர்.
எப்படி எழுதினாலும் கீழே விழுவது ஒரே நிழல்.
இவ்வளவு பொருத்தமான சொல்லை
மருந்துக்கடை வாசலில் மட்டும்
வாய்விட்டுச் சொல்ல முடியாது.

பென்சிலால் 'ஒத்த' என்று எழுதி
கீழே ஒரு கோடு போட்டேன்.

மாற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை.
பழைய குப்பிக்கு நீல மூடி, இதற்குச் சாம்பல்.
டொக்டர் ஹபுஆரச்சி தன் அரைத் தமிழில் சொன்னார்:
"இது உயிருள்ள கலம் செய்யிற மருந்து.
பழைய கம்பெனிட மருந்தும் ஒவ்வொரு முறை
சின்ன வித்தியாசம் இருக்கு.
அப்ப மா போல. நேத்து புளிச்ச மாதிரி
இன்னைக்குப் புளிக்காது.
அப்பம், அப்பம்தான்."

பக்கத்துக் கதிரையில் தெமட்டகொடை ரிஸ்மினா,
"வெல கொறஞ்சா சரக்கும் கொறயும்,
பேட்டயில கேட்டுப் பாருங்களேன்" என்று
என் பயத்தை எனக்கே உரக்க வாசித்துக் காட்டினாள்.

மூலையில் ஒரு புதுப் பையன்.
மன்னார், பெயர் ஜெனிஸ்ரன்,
பதினேழு வயதுக்கு முப்பத்தெட்டுக் கிலோ.
ஒன்பது மாதம் பட்டியலில் காத்திருந்தானாம்.
விலை இறங்கியதால் வந்த கதிரை அது
என்று நயனகாந்தி மிஸ் சொன்னாள்,
அவன் நரம்பைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டே.
அவனுடைய குப்பிக்கும் சாம்பல் மூடி.
அவன் நீலத்தைப் பார்த்ததே இல்லை.
நான் மொழிபெயர்ப்பென்று சந்தேகித்தது
அவனுக்கு மூலம்.

இதெல்லாம் பகலில் விளங்கிய விசயம்.
இரவு வயிறு கடகடத்தது.
மருந்தா, பயமா, காலிமுகத்தில் தின்ற கடலையா?
இரண்டு மணிக்கு எழுந்து
பழைய வரைபடத்தை மனதில் விரித்தேன்.
ஒரு கடைக்காரர் செத்துப்போயிருந்தார்.
பேக்கரி, போன் கடையாகியிருந்தது.

மூன்று மாதத்தில் மலப் பரிசோதனை முடிவு வந்தது.
முந்தி அறுபத்தொன்று, இப்போது எழுபத்துநான்கு.
"ரெண்டும் ஒண்டுதான்" என்றார் டொக்டர்.
அந்தப் பதின்மூன்றை
ஒரு மாதம் கைப்பையில் காவித் திரிந்தேன்.

சுற்றறிக்கை அச்சாகி வந்த அன்று
பஸ்ஸில் வாசித்தேன்.
மூன்றாம் பந்தி, இரண்டாம் வரி:
'ஒத்த' என்பதை
'ஒற்ற' என்று அடித்திருந்தார்கள்.
ஓர் எழுத்து.
ஒருவரும் முறையிடவில்லை.
எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது.

திருத்துவதா விடுவதா என்று
பேனையைப் பிடித்தபடி நிமிர்ந்தேன்.
பஸ் பொரளையைத் தாண்டி
எவ்வளவோ நேரமாகியிருந்தது.