பசுவின் பெயர்

ஐஸ்லாந்தின் கிழக்குக் கோடியில்
எழுபத்திரண்டாம் வருஷம் வரை
இந்த அருவிக்குப் பெயர் கிடையாது.
ஹால்முண்டுர் அதைத் தண்ணீர் என்பார்.
அவர் மனைவி, சத்தம் என்பாள்.

மீன் ஆலையில் கணக்கெழுதிய ஸ்டெய்ன்வோர்
கடனில் வாங்கினாள் ஒரு பழைய பள்ளிப் பேருந்து.
ஓட்டுநர் நான்.
முதல் கோடையில் மொத்தம் பதினோரு பேர்;
அதில் நால்வர் வழி தவறி வந்தவர்கள்.

"பலகையில் என்ன எழுத?" என்றாள்.
பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தது ஸ்க்ரவுதா,
ஹால்முண்டுரின் ஒற்றைக்கொம்புப் பசு.
எழுதிவிட்டாள்.
பெயிண்ட் காய்வதற்குள் மழை வந்து
கடைசி எழுத்தைக் கொண்டுபோனது.

அப்புறம்தான் எல்லாம்.
கழிப்பறை எதற்கு என்ற ஊராட்சிக்காரர்களைக்
கூட்டிப்போய்ப்
பாறைக்குப் பின்புறம் காட்டினாள்.
மூடுபனி நாளில் பாதிக் காசைத் திருப்பித் தந்தாள்.
மந்திரி ஒருவரை இடுப்பளவு ஆற்றில் நடக்கவிட்டுப்
பாலம் வாங்கினாள்.
ஆட்டுக்கொட்டில்களில் கட்டில் வந்தது,
கட்டில்களுக்கு வெள்ளை விரிப்பு,
விரிப்புக்கு வரி.

இன்று வழிகாட்டி நூல்களில்
ஸ்க்ரவுதா ஒரு பழங்கால அரக்கி.
காதலனைத் தேடிக் குதித்தாளாம்.
ஸ்டெய்ன்வோர் மறுப்பதில்லை:
"பால் வற்றியதும் விற்றுவிட்டார்கள் என்றால்
எவன் வருவான்?"

ஓய்வு பெற்ற மறுநாள் அங்கே போனோம்.
வண்டி நிறுத்த எழுநூறு குரோனா கேட்டது இயந்திரம்.
நான் அதனோடு சண்டைக்கு நின்றேன்.
அவள் கட்டிவிட்டாள்.
சீட்டைக் கண்ணருகே பிடித்து
கடைசி எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள்.

இருந்தது.
"கூட்டம் அதிகம், வா" என்று
அருவிப் பக்கம் திரும்பாமலே
காரில் ஏறிக்கொண்டாள்.