மாடசாமிக்குத் தேத்தண்ணி

எழுபத்திரண்டாம் நாள்.
ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து.
தேயிலைத் தூரைக் கத்தியால் விலக்கினேன்,
நீல உறைக்குள் ஒரு போத்தல்.
முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
என் முடிச்சு.

எந்தச் சம்பளத்தின் மிச்சமோ,
ஞானசோதியின் எந்தத் தோட்டின் மிச்சமோ,
மூன்று வருசம் எனக்காகவே கிடந்திருக்கிறது.
வீட்டில் யாரும் எனக்காக இப்படிக் காத்திருந்ததில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பொய்.
காத்திருந்தார்கள்,
இஸ்தோப்பில் விளக்கை வைத்துக்கொண்டு,
மகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு.

எழுபத்திரண்டு நாளாய்க்
கத்தி பிடிக்கும்போதெல்லாம் ஆடிய கை
போத்தலைப் பிடித்ததும் நின்றது.
அதைக் கண்டுதான் பயந்தேன்.

ஞாயிறு பின்னேரம் பிள்ளைக்காம்பராவில் கூடுகிறோம்.
மூன்று வயசுப் பிள்ளைகளின் கதிரையில்
முழங்கால் காதைத் தொட
ஒன்பது ஆம்பளைகள்.
சுவரில் அ, ஆ, பக்கத்தில் காது கிழிந்த யானை.
லொறி ஓட்டுகிற சுமனபால
பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பேசி
மிச்சத்தை அழுவான்.
மஸ்கெலியாவிலிருந்து வரும் அந்தோனிமுத்து
"ஒங்களுக்கு மேல ஒருத்தன் இருக்கான்,
அவன்கிட்டக் குடுத்துடுங்க" என்பார்.
அவருக்கு லேசு.
அவருடைய மாதா கையில் குழந்தை.
என் சாமி கையில் போத்தல்.

மலை உச்சியில், டர்பன்டைன் மரத்தடியில்
மூன்று கல்தான் மாடசாமி.
கவ்வாத்து தொடங்கும் நாளில்
சேவல், சுருட்டு, கால் போத்தல் சாராயம்.
அவருக்கு ஒரு மூடி, மிச்சம் எங்களுக்கு.
பதினாலு வயசில்
முதல் மிடறை எனக்குத் தந்தது
அவர் பேரைச் சொல்லித்தான்.
குடிக்கிற சாமியிடம்
குடியை விடக் கேட்பது எப்படி?

மேலே ஏறிப்போய் அவர் முன்னால் வைத்தேன்.
மூடியைத் திறக்கவில்லை.
திறந்தால் வாசனை பேச ஆரம்பிக்கும்,
அதற்கு என் பேர் தெரியும்.
சாப்பாட்டுப் பையிலிருந்த கோப்பையை எடுத்து
ஆறிப்போன தேத்தண்ணியை ஊற்றி
அதையும் பக்கத்தில் வைத்தேன்.
"சாமி, ரெண்டும் இருக்கு.
நீயும் என்கூட இதையே குடி.
இன்னிக்கு மட்டும்.
நாளைக்கு நாளைக்குப் பேசிக்குவோம்."

பனி வந்து மூன்று கல்லையும் மூடியது.
பதில் என்று ஒன்றும் இல்லை.
போத்தலைப் பாறையில் அடித்தேன்.
மண் குடித்தது.
பிறகுதான் நினைவு வந்தது,
அந்த வழியாகத்தான் பெண்கள் கொழுந்தோடு இறங்குவார்கள்.
குந்தியிருந்து கண்ணாடியை
ஒவ்வொரு துண்டாய்ப் பொறுக்கினேன்.
திரும்பிப் போனபோது கங்காணி
அரைப் பேர்தான் போட்டான்.

ராத்திரி ஞானசோதி கோப்பைகளை எண்ணினாள்.
எல்லாவற்றையும் எண்ணுவாள். நான் பழக்கியது.
"ஒன்னு கொறையுது. வித்துட்டியா?"
"மாடசாமிகிட்ட இருக்கு."
சிரிக்கவில்லை. நம்பவுமில்லை.
விடியுமுன், பெரட்டுக்கு முந்தி,
டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

திரும்பி வந்தாள். கையில் கோப்பை.
உள்ளே ஒன்றும் இல்லை.
நாய் குடித்ததோ, காற்று கவிழ்த்ததோ,
இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.
கழுவினாள். சுடச்சுட ஊற்றினாள்.
"கைய நீட்டு" என்றாள்.
உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி.
கை ஆடியது.
பாதி தரையில்.

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்திருந்தாள்.
இன்னொரு கரண்டி போட்டாள்.