கேள்

கரும்புத் தோட்டம் முடிகிற இடத்தில்
அது சுற்றிக்கொண்டிருக்கிறது.
ஐந்து நொடிக்கு ஒரு சுற்று.
சைக்கிளில் ஷிப்டுக்கு வருகிறவர்கள் யாரும்
நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கத்திவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்;
ரேடாரின் முதல் வேலை அவ்வளவுதான்.
கத்தும்போது எதிரொலி காதில் விழாது என்று
அதைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது,
என் வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன அலை எதன்மீதோ மோதித் திரும்புகிறது.
மைக்ரோ நொடிக்கு நூற்றைம்பது மீட்டர் என்று
தூரத்தைக் கணக்குப் போடுகிறோம்.
தூரம் இருமடங்கானால்
திரும்பி வருவது மாகாணி.
அந்த மாகாணியில் சிங்கமலை இருக்கும்,
மழை இருக்கும்,
ப்ளூ பே பக்கம் கலைந்து எழும் பறவைகள் இருக்கும்.
அசையாததையெல்லாம் கழித்துவிடச் சொல்லியிருக்கிறோம்.
மலை பாவம்.
சுற்றுக்கு ஒருமுறை பதில் சொல்கிறது,
சுற்றுக்கு ஒருமுறை அழிக்கிறோம்.
மிச்சம் ஒரு பச்சைப் புள்ளி:
ஏதோ இருக்கிறது. எதுவென்று தெரியாது.

அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்து
கூடவே சுற்றுகிற இன்னொரு ஆண்டெனாதான்
வானத்தில் போகிறவர்களுக்கு
ஏன் என்று கேட்கிற நாதி.
இரண்டு துடிப்பு அனுப்பும்.
நடுவே எட்டு மைக்ரோ நொடி விட்டால்,
யார் நீ?
இருபத்தொன்று விட்டால்,
எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்?
துடிப்புகள் ஒன்றுபோலத்தான்,
கேள்வி இருப்பது இடைவெளியில்.

விமானத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி,
டிரான்ஸ்பாண்டர்.
கேட்டால் பேசும், கேட்காவிட்டால் பேசாது.
யாரென்றால் நான்கு இலக்கம் சொல்லும்.
எட்டும் ஒன்பதும் அதற்குத் தெரியாது.
ஏழோடு அதன் எண்கள் முடிந்துவிடுகின்றன.

புயல் ரொட்ரிக்ஸை உரசிவிட்டுப் போன மறுநாள்,
அங்கிருந்து காலை முதல் விமானம்.
அறுபத்தொரு பேர்,
அடியில் மூட்டை மூட்டையாய்க்
காய்ந்த பேய்க்கணவாயும் எலுமிச்சை ஊறுகாயும்.
விமானியின் வாக்கியம் பாதியில் அறுந்தது.
பிறகு இரைச்சல். பிறகு இரைச்சலும் இல்லை.
ழான்-நோயல் காப்பியைக் கீழே வைத்தான்.
திரையில் நான்கு இலக்கமும் மாறின:
ஏழு, ஆறு, சுழி, சுழி.
ரேடியோ போய்விட்டது என்பதற்கு
எந்த நாட்டு வானத்திலும் அதுதான் எண்.

போனது வாயா, காதுமா?
"நான் பேசுவது கேட்டால்
ஐடென்ட் பொத்தானை அழுத்துங்கள்" என்றேன்.
ஒரு சுற்று. ஒன்றுமில்லை.
இன்னொரு சுற்று.
அதற்குள் ஒரு வயது கூடியிருக்கும் எனக்கு.
மூன்றாவதில்
புள்ளி பளிச்சென்று விரிந்தது.

அதன்பிறகு நான் பேசினேன், அது மின்னியது.
இடப்புறம் திரும்புங்கள். மின்னல்.
மூவாயிரத்துக்கு இறங்குங்கள். மின்னல்.
நாற்பது, முப்பத்தைந்து, முப்பது என்று
எண்கள் பணிவாக இறங்கி வந்தன.
டவரிலிருந்து பச்சை விளக்கைக் காட்டினார்கள்.
சக்கரம் தரையைத் தொட்டபோது
யாரும் கைதட்டவில்லை.
ழான்-நோயல் ஆறிய காப்பியைக் குடித்து முகம் சுளித்தான்.

வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும்
ஒரே சொல் வைத்திருக்கிறது தமிழ்.
அந்தத் தட்டும் அப்படித்தான்.
இதை அவனுக்குக் கிரியோலில் சொல்லப் பார்த்தேன்,
வரவில்லை.

ப்ளேன் மாஞ்யேன் பஸ் நிறுத்தம், மதியம் இரண்டரை.
தலைக்கு நேர் மேலே
ரீயூனியன் போகும் விமானம் ஏறிக்கொண்டிருந்தது.
நேர் உச்சியில் இருப்பது மட்டும்
எந்த ரேடாருக்கும் தெரியாது.

அந்தத் தீவில் என் தங்கை சிவகாமீ.
மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தாள்:
"இருக்கிறாயா?"
திறந்து படித்தேன், மூடினேன்.
அவள் போனில் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும்:
ஏதோ இருக்கிறது. எதுவென்று தெரியாது.

எழுதினேன், அழித்தேன்.
எங்கள் சண்டைக்கான காரணம்
எட்டிலோ ஒன்பதிலோ எங்கோ கிடக்கிறது.
கடைசியில்
ஒரே ஒரு புள்ளியைத் தட்டி அனுப்பினேன்.

பஸ் வந்தது.
ஏறும்போது பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
சில்லறை எடுக்கிற சாக்கில்
கொஞ்ச நேரம் பார்க்காமலே இருந்தேன்.